தண்ணி ஆகாரம்

எடை குறைக்கும் ஆபரேஷனுக்காக தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி. கட்டில்தான் பாவம். ஈரல் கொழுப்பு குறைய, ஆபரேஷன் வரை எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் ஆகாரம் மட்டுமே என்பது டாக்டர் உத்தரவு. நான் கஞ்சித் தண்ணியோடு மல்லுக்கட்டும்போது, அவர் தலையணைக்கடியிலிருந்து முந்திரி மக்ரூனை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"அண்ணாச்சி, டாக்டர் பாத்தா ஏசுவாருல்லா?"

"எதுக்குல ஏசணும்? மெல்லவே வேண்டாம், தண்ணியா கரையுதுல்லா? அப்ப இதுவும் தண்ணி ஆகாரந்தாம்ல."

ஸ்கேன் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஈரல் கொழுப்பு கொஞ்சமும் குறையவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. ஸ்பூனில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என்னை, துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்போலப் பார்த்துவிட்டுப் போனார்.

இரைப்பையைச் சுருக்கிவிட்டதால் இப்போது எனக்கு ஒரு மக்ரூனே விருந்து. நாக்கில் வைத்தால், அந்த மனுஷன் சொன்னமாதிரியே தண்ணியாய்த்தான் கரைந்து தொலைக்கிறது.