எஸ்தர் திரும்பிப் பார்க்காத நாட்கள்

என் மகள் எஸ்தர் ஒன்றரை வயதில், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். ‘அம்மா’, ‘பால்’ என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அந்தச் சொற்களும் போய்விட்டன. மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் பாத்திர மூடியைச் சுழற்றிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் இருந்து அழுதாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். காது டாக்டரிடம் காட்டினோம். காதில் குறை இல்லை என்றார்.

“எங்க அண்ணனும் லேட்டாத்தான் பேசுனான். சும்மா பயப்படாத” என்றார் என் கணவர். சபையில் சிலர், “ஜெபத்துல நில்லும்மா, தானா சரியாயிரும்” என்றார்கள். நின்றேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் இருந்தேன். பிள்ளை என்னைவிட்டு விலகிக்கொண்டே போனாள். ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிறேன். ஏதாவது செய்யணும்னா ஒரு ஆளை அனுப்பும்.”

அந்த ஞாயிறே ஆள் வந்தார். சோழவந்தானிலிருந்து எங்கள் சபையில் ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த சகோதரி, பெயர் கிரேஸ். பாட்டுச் சத்தத்தில் எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கிரேஸ் பின்னாலேயே வந்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாப்பா எதையாச்சும் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுமா?”

யோசித்தேன். “இல்லையே.”

“என் மகனும் இப்படித்தான். ஆட்டிசம்னு அஞ்சு வயசுலதான் தெரிஞ்சுச்சு. எனக்கு யாரும் முன்னாடியே சொல்லலக்கா. உங்ககிட்ட சொல்லாமப் போனா ஆண்டவர் என்னையக் கேப்பாரு. நாளைக்கே குழந்தை வளர்ச்சி டாக்டரைப் பாருங்க.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ஆளை அனுப்பும் என்று கேட்டது நான்தானே.

கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பிள்ளைக்கு இப்படி ஒரு பேரை ஒட்டிட்டா நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க?”

“நீங்க வரலைன்னாலும் நான் போறேன்” என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. மறுநாள் அவரே வண்டியை எடுத்தார்.

கே.கே. நகரில் குழந்தை வளர்ச்சி டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து எஸ்தரோடு விளையாடிப் பார்த்தார். எங்களிடம் நிறையக் கேட்டார். மறுபடியும் வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆட்டிசம்தான் என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்க வளர்ப்புல ஒரு தப்பும் இல்ல. இம்புட்டுச் சின்ன வயசுலயே கூட்டிட்டு வந்துட்டீங்க. இப்பவே பயிற்சியை ஆரம்பிப்போம்” என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து எஸ்தரின் கண் மட்டத்துக்குத் தரையில் படுத்தோம். சோப்புக் குமிழி ஊதி நிறுத்திவிட்டு, அவள் எங்களைப் பார்க்கும்வரை காத்திருந்தோம். ஒன்றும் நடக்காத வாரங்கள் உண்டு. விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், “இன்னைக்கு நான் ஊதுறேன்” என்று கணவர் உட்கார்ந்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே விமானம் போனது. எஸ்தர் விரலை நீட்டினாள். பிறகு திரும்பி, நானும் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன்.

ஆட்டிசம் அவளோடுதான் இருக்கிறது. பேச்சு இன்னும் சில சொற்கள்தான். நாங்களும் தினமும் தரையில்தான் இருக்கிறோம். அவள் தன் உலகத்துக்குள் எங்களைக் கூப்பிடுகிறாள். அதற்கு நன்றி சொல்லித் தீரவில்லை.

இதை வாசிக்கிற தாயே, தகப்பனே, உங்கள் பிள்ளையைப் பற்றி மனதில் ஒரு சந்தேகம் இருந்தால் அமுக்கி வைக்காதீர்கள். முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் டாக்டரிடம் போங்கள். அங்கேயும் ஆண்டவர் உங்களோடு வருவார்.