அறுநூற்றொரு யூரோ

பணம் அனுப்பும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவளுக்கு முதலில் தெரிவது விரல்கள்; முகம் பிறகுதான். மாதக் கடைசியில் வரிசையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எனக்கு ஊரில் அனுப்ப ஒருவரும் மிஞ்சவில்லை. இத்தாலியில், பலெர்மோ நகரில் இருந்துகொண்டு மற்றவர்களின் தாய்மாருக்காக எண்ணுகிறேன்.

பாலங்கள் ஒரு பக்கம்

சிவநேசன் பக்கத்து ஊரான பகேரியாவில் சமையற்காரர். யாழ்ப்பாணத்தில் அவருடைய தாய்க்கு நெஞ்சில் ஒப்பரேஷன். வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரத்து முந்நூறு யூரோ கட்டினால்தான் செய்வார்களாம். அவரும் தங்கை வாசுகியும் ஏலுமானதைப் போடுவதாகப் பேச்சு.

திங்கட்கிழமை அறுநூறு கொண்டுவந்தார். எல்லாம் புதுத்தாள்கள். தாளில் அச்சடித்த பாலங்கள் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கியிருந்தார். நான் மனதுக்குள் எண்ணி முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

“பிழையிருக்காது அன்ரி. எண்டாலும் பின்னாலை நிக்கிறவைக்குக் கேக்க ஒருக்கா எண்ணுங்கோ.”

இரண்டு பாஷைக் காசு

வாசுகி நகரத்துக் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைக்கிறாள். சம்பளத்தை இத்தாலியனில் எண்ணி வாங்குவாள். வீட்டுக்கு அனுப்புவதைத் தமிழில் எண்ணுவாள். செவ்வாய்க்கிழமை எட்டாய் மடித்த தாள்களைப் பிரித்துப் பிரித்து வைத்தாள். அவளுடையதும் அறுநூறு. பிறகு, தான் குடியிருக்கும் பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ் காசிலிருந்து ஒரு யூரோ எடுத்து மேலே வைத்தாள்.

“அதை வைச்சிரு பிள்ளை, நடந்தே போகப்போறாய்?” என்றேன்.

“ஓம், நடப்பன். மொட்டையா அனுப்பக் கூடாது அன்ரி. மொட்டைக் காசு செத்தவீட்டுக்கு. அம்மா இருக்கிறா.”

ஒன்று கூட

வியாழக்கிழமை சிவநேசன் திரும்ப வந்தார். யார் எவ்வளவு அனுப்பியது என்று தாய் தொலைபேசியில் சொல்லிவிட்டா.

“பாத்தியளே அன்ரி, என்னைவிட ஒண்டு கூட. வேணுமெண்டு செய்திருக்கிறாள். நான் என்ன இளப்பமே?”

அந்த ஒன்றின் அர்த்தத்தைச் சொல்ல வாய் திறந்தேன். இன்னும் தொண்ணூற்றொன்பது குறைகிறது, விடிந்தால் வெள்ளி என்று நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவர் இரண்டு ஐம்பது யூரோத் தாள்களைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். பாலங்கள் எந்தப் பக்கம் பார்த்தன என்று அன்று கவனிக்கவில்லை.

அடுத்த கிழமை வந்தார். ஒப்பரேஷன் முடிந்து தாய் கதைக்கிறாவாம். இனிப் பயமில்லை என்று நினைத்து, தங்கை ஏன் ஒன்று வைத்தாள் என்பதைச் சொன்னேன்.

“அது தெரிஞ்சிருந்தா நானும் ஒண்டு போட்டிருப்பன். நூறு போட்டிருக்க மாட்டன்.”

இத்தனை வருடம் எண்ணியதில் நான் கண்டது, அன்பில் போட்ட காசும் ரோசத்தில் போட்ட காசும் ஒரே கட்டணத்தில்தான் போய்ச் சேருகின்றன.