அம்பு ஒட்டிய புத்தகம்

பனியன் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்மா செக்கிங் வேலையிலிருந்து கொண்டுவரும் மிச்ச ஸ்டிக்கரை நான் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாவலில் ஒட்டினேன். பிடித்த வரிக்கெல்லாம் ஒரு அம்பு. முட்டாள்தனம்தான்.

பள்ளி நூலகத்துப் புத்தகம். வீட்டுக்குத் தரமாட்டார்கள்; வாரம் ஒரு நூலக வகுப்பில்தான் படிக்க முடியும். அட்டை கிழிந்து காக்கித்தாள் போட்டிருந்ததால் பெயர்கூடத் தெரியாது. இனி வரப்போகும் ஒரு காலத்தின் கதை. பெண்கள் தெருவில் இறங்க அப்பனோ புருஷனோ மகனோ கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். ஒருத்தி, செத்துப்போன புருஷனின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். மூன்றாவது சாவடியில் காவலாளி அவள் சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான். நான் அதுவரை படித்தபோது பள்ளி மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம் அதே வகுப்பில் பள்ளிக் கமிட்டிக்காரர் ஒருவர் நூலகத்தைப் பார்க்க வந்தார். பனியன் கம்பெனி முதலாளி. அந்தப் புத்தகம் கையில் சிக்கியது. அம்பு இருந்த பக்கங்களை மட்டும் படித்தார்.

"ஏனுங்க டீச்சர், இத்தன டேமேஜ் மார்க் பண்ணியும் இத இன்னும் அலமாரியிலயே வெச்சிருக்கீங்க?"

குறை காட்ட ஒட்டியதில்லீங்க, பிள்ளைகள் யாரோ பிடித்துப்போய் ஒட்டியிருப்பார்கள் என்றார் டீச்சர். நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

"புடிச்சுப் போயிங்களா? அப்ப மொதல்ல இதத் தூக்குங்க. நாளைக்கு எங்கூட்டுப் புள்ளையே எங்கையெழுத்தப் போட்ரும்."

அதோடு பெண்களைப் பற்றிய இன்னும் நாலைந்து புத்தகங்களையும் சாக்கில் கட்டச் சொன்னார். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒட்டியது நான்தான் என்று சொல்லவில்லை. முடிவை மட்டும் படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்கவும் இல்லை. அவர் மேல் இருக்கும் கோபத்தில் பாதி என் மேலும் இருக்கிறது.

அவர் போனதும் டீச்சர் என்னிடம் வந்தார். என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அம்பைப் பிய்த்தெடுத்து, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் நானும் செக்கிங்தான். தாராபுரம் வரைக்கும் பழைய புத்தகக் கடைகளில் கதையைச் சொல்லிக் கேட்டுவிட்டேன். பேர் சொல்லு கண்ணு என்கிறார்கள்.

நேரத்துக்கு முன்னே கிளம்ப வேண்டுமென்றால் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். வாட்ச்மேன் அதை வாங்கிப் பார்க்கிற அந்த ஒரு நொடி, மூன்றாவது சாவடியில் நின்ற அவள் ஞாபகம் வருகிறது. காவலாளி அவளை விட்டானா, இல்லையா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.