சூரியநெல்லியில் நகர்ந்த அம்பு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாலக்காடு ஜில்லா மீனாட்சிபுரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆனால் சம்பவம் நடந்தது அங்கே இல்லை. பல மணி நேரப் பயணத் தூரத்தில், இடுக்கி மலையில், சூரியநெல்லிக்குப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றின் ஸ்டோரில். ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த இடத்தை அதுவரை நான் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

என் வேலை அப்படி. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பார்க்கிறேன். எங்கேயோ இருக்கும் கம்ப்யூட்டரின் திரையை என் திரையில் வரவழைத்து, இங்கிருந்தே அதன் மவுஸையும் கீபோர்டையும் இயக்கிப் பழுது பார்ப்பேன். அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் நான் செய்வதெல்லாம் அவர்கள் திரையிலும் தெரியும். அவர்கள் மவுஸை அசைத்தால் எனக்கும் தெரியும். மவுஸை அசைத்தால் திரையில் நகர்கிற அம்பு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான்.

அந்த ஸ்டோரில் இருந்த கம்ப்யூட்டர் கொஞ்சம் விசித்திரமானது. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. உலகத்தில் கொஞ்சம் பேர் மட்டும் ஆசைக்காக வைத்துக்கொண்டிருக்கிற ஓர் இயங்குதளம். பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்தவர்களே அப்படி ஒன்று இருக்கிறதா என்பார்கள். பாலக்காடு டவுனில் இருந்த ஒரு சாருக்கு அதன்மேல் அப்படி ஒரு பைத்தியம். உலர்த்தும் அறையின் சூட்டைக் கவனித்துக்கொள்கிற புரோகிராமை அவர் அதில்தான் எழுதிக் கொடுத்திருந்தார். சூடு அளவுக்கு மீறினால் ஸ்டோர் கூரையில் இருக்கும் சைரன் அலறும். ஒவ்வொரு சீசனுக்கும் மலையேறிப் போய், சில நாள் தங்கி, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வருவாராம். அந்தச் சம்பவத்துக்கு முந்தைய வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. வேறு யாரும் அதைத் தொட விரும்பாததால் என் தலையில் விழுந்தது.

ஒரு சங்கடம் என்னவென்றால், அந்தப் புரோகிராம் அவருடைய கணக்கில் நுழைந்தால்தான் ஓடும். வேறு பெயருக்கு மாற்றிப் பார்த்தேன், படுத்துக்கொண்டது. அதனால் திரையின் வலது மேல் மூலையில் எப்போதும் அவர் பெயர் இருக்கும். இறந்துபோனவர் பெயரில்தான் நான் தினமும் உள்ளே போவேன். பழகப் பழக அதைக் கவனிப்பதை விட்டுவிட்டேன்.

அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஸ்டோர் கணக்கு முழுக்க அவர் கையில். மலையில் போன் சிக்னல் வரும், போகும். அதனால் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன விண்டோவைத் திறந்து வைத்து, அதிலேயே இருவரும் எழுதிக்கொள்வோம். அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். அக்கா எதை எழுதினாலும் முதலில் 'வணக்கம்' என்று முழுசாக எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நான் மவுஸை ஓட்டுவதைப் பார்த்து, "அம்பு இன்னிக்கு ரொம்ப வேகமா போவுதே" என்று கேலி செய்வார். முகம் பார்க்காமலே சிநேகிதமாகிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புரோகிராமில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. மெஷினை ஆன் செய்தே விட்டுவிடச் சொல்லி முந்தின நாளே அக்காவிடம் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு போடமாட்டோம், எல்லோரும் சர்ச்சில் பூசைக்குப் போய்விடுவோம், ஸ்டோரில் ஒரு ஈ காக்கா இருக்காது, நிம்மதியாக வேலையைப் பார் என்றார்.

இணைப்புக் கொடுத்தேன். சிக்னல் மோசமாக இருந்தால் அந்தத் திரை மொத்தமாக வராது. கட்டம் கட்டமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெளியும். அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. முதலில் வலது மேல் மூலை. அந்த சாரின் பெயர். மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம். பிறகு மெல்ல மெல்ல மீதித் திரை.

அம்பு நகர்ந்துகொண்டிருந்தது.

என் கை மவுஸ் மேல் இல்லை. காபி டம்ளரைப் பிடித்திருந்தேன். அம்பு சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. யாரோ திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. இணைந்திருப்பவர்களின் விவரத்தை எடுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து இணைந்திருந்தது நான் ஒருத்தி மட்டும். அப்படியென்றால் அசைவு அங்கிருந்தே வருகிறது. ஆள் இல்லாத ஸ்டோரில், அந்த மேசையிலிருந்தே. எலி ஏதாவது மவுஸ் மேல் ஏறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சின்ன விண்டோவில் எழுத்துகள் விழ ஆரம்பித்தன.

என், கே, கே, எம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் என், கே, கே, எம். ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் நீண்ட இடைவெளி. எங்கிருந்தோ எழுத்தைத் தேடி எடுத்து வைப்பது போல.

பகல் வெளிச்சம் அறை முழுக்க இருந்தது. வெளியில் மாடு கத்துகிறது, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது. ஆனாலும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த சாருடைய பெயர் மூலையில் இருக்கிறது, அவருடைய கம்ப்யூட்டர், அவர் மட்டுமே நேசித்த ஒரு சிஸ்டம். நான் அதிகமாகச் சாமி கும்பிடுகிற ஆள்கூட இல்லை. ஆனால் அந்த நிமிஷம் நான் நம்பினேன். வீட்டுக்காரரை, "ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோயிருந்தார்.

இணைப்பைத் துண்டிக்க ஒரு பட்டன் உண்டு. அதன்மேல் விரலை வைத்துவிட்டேன்.

துண்டிக்காமல் ஏன் இருந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. கடைசியாக ஒன்று பார்த்துவிடலாம் என்று, மவுஸைப் பிடித்து அம்பைத் திரையின் இடது பக்கத்துக்குக் கொண்டுபோனேன். சில நொடி அப்படியே நின்றது. பிறகு வெடுக்கென்று வலது பக்கம் இழுக்கப்பட்டது. மறுபடி இடது பக்கம் கொண்டுபோனேன். மறுபடி இழுத்தது. எதிரில் ஒரு கை இருக்கிறது என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. விண்டோவில், யார் அது என்று தட்டினேன்.

ரொம்ப நேரம் கழித்து அதே நான்கு எழுத்து.

அதைத் தட்டிப் பார்ப்போமே என்று என் கீபோர்டில் விரலை வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்த நான்கு எழுத்தும் கீபோர்டின் வலது பாதியில் இருக்கின்றன. இடது பாதியிலிருந்து ஒரு எழுத்துகூட வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அம்பும் தானாக இடது பக்கம் வரவே இல்லை. நான் கொண்டுபோனாலும் இழுத்துக்கொண்டுதான் போகிறது.

எங்கள் மாமனாருக்குப் பக்கவாதம் வந்த புதிதில், தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பார். இடது பக்கச் சோறு தொடாமல் கிடக்கும். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தட்டைத் திருப்பி வைத்தால் அதையும் சாப்பிடுவார். அது ஞாபகம் வந்த அதே நொடியில் அந்த நான்கு எழுத்துக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் வணக்கம் என்று எழுதி, கீபோர்டின் இடது பாதியில் வருகிற எழுத்துகளை எடுத்துவிட்டால் மிச்சம் அவ்வளவுதான்.

அக்கா அங்கே இருக்கிறார். அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வேறு பயம் வந்தது. மாமனாரைச் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கை கால் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னது காதில் அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் செல்லுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மேனேஜர் போன் ஸ்விட்ச் ஆஃப். அவரும் பூசையில்தான் இருப்பார். அந்தத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த நம்பர் அவ்வளவுதான். மலை முழுக்க ஆள் இருக்கிறார்கள், ஒருவரையும் என்னால் தொட முடியவில்லை.

அப்போதுதான் சைரன் ஞாபகம் வந்தது.

உலர்த்தும் அறையில் அன்றைக்கு நெருப்பே இல்லை, குளிர்ந்து கிடக்கிறது. ஆனால் எவ்வளவு சூட்டுக்கு மேல் போனால் அலற வேண்டும் என்கிற அளவை மாற்றுவது என் கையில் இருக்கிறது. அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால் குளிர்ந்த அறையையே நெருப்பு என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். அந்த அளவு எழுதுகிற கட்டமோ திரையின் இடது பக்கத்தில் இருந்தது. அம்பை அங்கே கொண்டுபோவேன், அக்காவின் கை அதை இழுத்துக்கொள்ளும். மூன்று நான்கு தடவை இப்படியே ஆனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. 'அக்கா கையை எடுங்க, நான்தான், நான் பாத்துக்கறேன்' என்று விண்டோவில் தட்டினேன். பிறகு மவுஸை விட்டுவிட்டு, கீபோர்டிலேயே ஒவ்வொரு கட்டமாகத் தாவித் தாவி அந்த இடத்துக்குப் போய் அளவை மாற்றினேன்.

திரையில் அபாயம் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. சத்தம் எனக்குக் கேட்காது. இந்த இணைப்பில் படம் மட்டும்தான் வரும். அந்த மலையில் சைரன் உண்மையிலேயே அலறுகிறதா, இல்லை ஒயர் அறுந்து கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வரி மட்டும் மினுக் மினுக்கென்று அணைந்து எரிந்தது. அம்பு ஒரு தடவை மெதுவாக அசைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் எதைப் பார்த்துப் பயந்தேனோ, அது நகராதா என்று இப்போது ஏங்கிக்கொண்டிருந்தேன்.

என் போன் அடித்தது. மேனேஜர். மூச்சு வாங்கக் கத்தினார், ஞாயிற்றுக்கிழமை யாரைக் கேட்டு ஸ்டோரில் கை வைத்தாய் என்று. பூசை நடுவில் மொத்த ஜனமும் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்திருக்கிறது. நான் எதையும் விளக்கவில்லை.

"சார், ஆபீஸ் ரூமைத் திறங்க. அக்கா உள்ள இருக்காங்க. பேச முடியாம இருக்காங்க."

அவர் ஓடினார். காலடிச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு ஒரு பெண்ணின் அலறல். லைன் கட்டாகிவிட்டது. என் திரையில் அம்பு ஒரேயடியாகக் கீழே பாய்ந்து ஓரத்தில் ஒளிந்துகொண்டது. யாரோ அக்காவைத் தூக்கியபோது கை பட்டிருக்கும்.

ஜீப்பில் மூணாறுக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார். விடியற்காலையில் கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டதாம். நான் காத்திருப்பேனே என்று, பூசைக்குப் போகிற வழியில் ஆன் செய்துவிட்டுப் போக வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்க முடியவில்லை.

மாசியில் நானும் வீட்டுக்காரரும் உடுமலை, மறையூர் வழியாக சூரியநெல்லிக்குப் போனோம். தோட்டத்து ஆட்களுக்கான லயத்து வீட்டு வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. பேச்சு குழறலாக இருந்தாலும் புரிந்தது. எழுத்தில் மட்டுமே பழகியவரை அப்போதுதான் முதல்முறை நேரில் பார்த்தேன். அன்றைக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

அக்கா சொன்னார்.

"மொதல்ல இருந்துச்சும்மா. அப்புறம் அம்பு தானா நவுந்துச்சு. மேல சார் பேரு. சரி, அவரு வந்திருக்காருன்னு நெனச்சேன். ஆனா அது ஒரு பக்கமா போயி காணாமப் போயிரும். போயிரக் கூடாதுன்னு புடிச்சு புடிச்சு இழுத்தேன்."

அது நான்தான் அக்கா என்றேன். தெரியும்மா என்று வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியின் பலம் எனக்குப் பழகின மாதிரி இருந்தது.

இப்போதும் அந்த மெஷினை நான்தான் பார்க்கிறேன். அங்கே வேறு ஒருவர் உட்காருகிறார். சில நாள் இணைப்பு மெதுவாக வந்து, திரை தெளிவதற்குள் அம்பு அசைந்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அப்போதெல்லாம் அந்தப் பட்டன்மேல் இருந்த என் விரலை நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அதை அழுத்தியிருந்தால் ஊரெல்லாம் சொல்ல என்னிடம் நல்ல பேய்க்கதை ஒன்று இருந்திருக்கும். அக்கா இருந்திருக்க மாட்டார்.