காபி வரிசையில் நின்று ஆற்றுக்காகப் பேசினேன்

அமெரிக்காவின் கிழக்கே இருக்கும் பார்சிப்பனியிலிருந்து மேற்கு டெக்சாஸுக்குக் குடிவந்த புதிதில், ஊர் நடுவே இருந்த ஆற்றை நான் மைதானம் என்றே நினைத்திருந்தேன். அதில் ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். மைதானத்துக்கு எதற்குப் பாலம் என்பதுதான் புரியவில்லை. அது பாலைவன ஆறு, வருஷத்தில் பல மாதம் மணல்தான் என்று பிறகு தெரிந்தது. வருகிற கொஞ்சத் தண்ணீரிலும் பெரும்பங்கை எங்களைப் போலப் புதிதாக வந்தவர்களின் வீடுகள் குடித்துக்கொண்டிருந்தன.

இன்னொரு பெரிய குடியிருப்பு கட்டலாமா, கட்டினால் ஆற்றுக்கு என்ன மிஞ்சும் என்று பேச நகராட்சி கூட்டம் போட்டது. "வா, காபி ஃப்ரீ" என்றார் கணவர். உள்ளே நீளமாக ஒரு வரிசை. காபிக்குத்தான் என்று போய் நின்றுகொண்டேன். என் முறை வந்ததும் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கணவர் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வாயில் வந்ததைச் சொன்னேன். அரிசி கழுவின தண்ணீரைக்கூட எங்கள் வீட்டில் கொட்டமாட்டோம், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவோம். ஆனால் வாசலில் இருக்கிற புல்லுக்குக் குடிதண்ணீரை ஊற்றுகிறோம். அந்தப் புல்லை ரசத்தில்கூடப் போட முடியாது.

அரங்கமே கைதட்டியது. அந்தக் குடியிருப்பைக் கட்டுகிறவர் வந்து, தப்பு புல்மேல்தான், வீடுகள்மேல் இல்லை என்று தன் பக்கம் பேசியதற்கு நன்றி என்றார். ஆற்றைக் காக்கும் சங்கத்து வெள்ளைக்கார ஆன்ட்டியும் அதையே சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார்.

"நீ யார் சைடுடி?" என்றார் கணவர்.

"நான் காபி சைடு."

சனிக்கிழமை வீடு கட்டுகிறவரும் ஆன்ட்டியும் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முந்தின நாள் ரசத்துக்கு இலையெல்லாம் பறித்திருந்தேன். மொட்டைக் குச்சியைப் பயபக்தியோடு போட்டோ எடுத்தார்கள். எலுமிச்சை சாதம் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். இரண்டாம் தடவை பரிமாறும்போது சமாதானமாகியிருந்தார்கள். புது வீடுகளுக்குப் புல்தரை கிடையாது, கற்றாழையும் கள்ளியும்தான். வீடுகளும் முதலில் நினைத்ததைவிடக் குறைவு. மிச்சமாகும் தண்ணீரில் ஒரு பங்கு ஆற்றுக்கு. நகராட்சியும் பின்னர் அதற்குச் சம்மதித்தது.

நாங்களும் எங்கள் புல்லைப் பெயர்த்துவிட்டுச் சரளைக்கல் கொட்டினோம். பள்ளியிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, டூ வி லிவ் இன் எ பார்க்கிங் லாட் நவ்?"

அடுத்த கோடையில் ஆற்றில் தண்ணீர் விட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு ஓடினோம். கணவர் பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு இறங்கினார்.

"பாத்துங்க, ஆழமா இருக்கப் போகுது!" என்று கத்தினேன்.

அவரைத் தாண்டி ஒரு வாத்து அக்கரைக்குப் போனது. நீந்தவில்லை, நடந்தே போனது.