போண்டாவின் சீனி இறங்காத எட்டு வாரம்

"அக்கா, இவன தூங்க வச்சிடலாமா?"

மரகதம் கூடையைக் கவுண்டர் மேல் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி அது. தூங்க வைப்பது என்றால் எங்கள் வேலையில் ஒரே அர்த்தம்தான், வலி தெரியாமல் சாக ஊசி போடுவது. கூடைக்குள் அவளுடைய பூனை போண்டா சுருண்டு கிடந்தான். செம்பட்டை நிறம், எட்டு வயது. ஒரு காலத்தில் ஆறு கிலோ இருந்தவன், அன்று தராசில் மூன்று கிலோ எண்ணூறு கிராம். நான் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டி இந்தப் பக்கம், தெப்ராவில் இருக்கும் எங்கள் மிருக கிளினிக்கில் நான் இருபத்தாறு வருடமாக நர்ஸ். பெயர் ரெஜினா. கடிக்கிற பூனை, பிறாண்டுகிற பூனை எது வந்தாலும் டாக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலை சுத்தம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் நான் சரியாகச் செய்ததும் இருக்கிறது, கோட்டை விட்டதும் இருக்கிறது.

1. நாங்கள் கொடுத்த வியாதி

போண்டாவுக்கு ஆரம்பத்தில் இருந்தது ஈறு அழற்சி. வாயெல்லாம் சிவந்து, எச்சில் ஒழுகி, சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே தட்டைக் காலி செய்துவிடுவான். ஒரு மாதம் தாங்கும், மறுபடி வருவான், மறுபடி ஊசி. பல்லைப் பிடுங்குவதுதான் நிரந்தர வழி என்று டாக்டர் அஸ்லினா சொல்லிக்கொண்டே இருந்தார். மரகதத்துக்கு ஆபரேஷன் என்றாலே பயம். தள்ளிப் போட்டாள். நாங்களும் ஊசியைப் போட்டுக்கொண்டே இருந்தோம். அந்த ஊசிகளில் பாதியை மருந்துக் குப்பியிலிருந்து இழுத்துக் கொடுத்தது இந்தக் கைதான்.

ஒரு நாள் மரகதம் வந்து, போண்டா வாளித் தண்ணீரைக் குடிக்கிறான், அவன் ஒன்றுக்குப் போகிற மணல் தட்டு நனைந்து கட்டி கட்டியாகிறது என்றாள். ரத்தத்தைப் பார்த்தால் சீனி இருபத்து நாலு. நாலிலிருந்து எட்டுக்குள் இருக்க வேண்டியது. பூனை பயந்தாலே சீனி ஏறும், அதனால் கடந்த இரண்டு மூன்று வாரத்து அளவைக் காட்டும் டெஸ்டையும் எடுத்தோம். அதுவும் மேலேதான். ஸ்டீராய்டால் வந்த இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. நல்ல செய்தி என்னவென்றால், பூனைக்கு இது சில சமயம் திரும்பிப் போய்விடும். ஸ்டீராய்டை நிறுத்தி, இன்சுலின் போட்டு, சீனியை ஒழுங்காக வைத்திருந்தால் கணையம் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும்.

மரகதத்துக்கு ஊசி போடச் சொல்லிக் கொடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் இருபது வருடம் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்திய கை. இரண்டாம் தடவையே என்னைவிட நேர்த்தியாகப் போட்டாள். காலை ஆறு, மாலை ஆறு. சாப்பிட்ட பிறகுதான் ஊசி, சாப்பிடாவிட்டால் போடக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். அந்த மூன்று முறையும் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

2. பை

ஒரு யூனிட்டில் ஆரம்பித்தோம். எட்டு வாரத்தில் ஒரு வேளைக்கு நாலு யூனிட் வரை ஏற்றினோம். சீனி இருபதுக்குக் கீழே வரவே இல்லை. சீனி இறங்காமல் மயக்க மருந்து கொடுத்துப் பல் பிடுங்க டாக்டர் துணியவில்லை. பல் இருக்கும்வரை வாய் வலிக்கும். வலித்தால் அவன் சாப்பிட மாட்டான். இப்படி ஒரு சுற்றில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

இன்சுலின் கெட்டுப் போயிருக்குமோ என்று புதுக் குப்பி திறந்தோம். ஊசி அளவு தப்பா என்று பார்த்தோம், சரியாக இருந்தது. கடைசியில் அவனுடைய கார்டில், 'வீட்டில் சொன்னபடி செய்வதில்லை போலும்' என்று எழுதினேன். எழுதியது நான்தான், டாக்டர் இல்லை.

தூங்க வைக்கலாமா என்று மரகதம் கேட்டது அந்த எட்டாவது வாரக் கடைசியில். கணவர் இல்லை. மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், மாதம் ஒரு முறை வருவாள். பிளாட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை போண்டாதான். அவனைக் கொல்லச் சொல்லி அவளே கேட்கிறாள் என்றால் எவ்வளவு அழுதுவிட்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்டேன். பிறகு மரகதத்திடம் சொன்னேன்.

"போண்டா வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நாளைக்கு எடுத்துட்டு வா. எது மருந்து, எது மருந்து இல்லன்னு நீ பிரிக்காத. எல்லாம் வேணும்."

மறுநாள் பையைக் கவிழ்த்தாள். டின் உணவு, இன்சுலின், காய்ந்த நெத்திலி, அப்புறம் லேபிள் இல்லாத ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே பழுப்பு நிற மாத்திரைகள். என்ன இது என்று கேட்டேன்.

"அது என்னோட மூட்டு வலி மாத்திரைக்கா. பசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில வாங்குறது. வேரு, மூலிகைதான்."

"இத எதுக்கு அவனுக்குக் கொடுக்குற?"

அவள் குரல் இறங்கியது. "நீங்கதானக்கா சொன்னீங்க, சாப்பிடலன்னா ஊசி போடக்கூடாதுன்னு. ஊசி போடலன்னா செத்துருவானேன்னு பயந்துட்டேன். இதுல கால் துண்டு நுணுக்கிக் கலந்து கொடுத்தா, கொஞ்ச நேரத்துல தட்டு காலியாயிடும்."

வலி போய், பசியும் அப்படி அள்ளிக்கொண்டு வர வேண்டுமென்றால் அது எந்த மருந்து என்று எனக்குத் தெரியும். டாக்டரும் குப்பியைப் பார்த்ததும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மூலிகை என்று விற்கும் இப்படிப்பட்ட மாத்திரைகளில் ஸ்டீராய்டைக் கலப்பது இந்த ஊரில் புதிதில்லை. காலையிலும் மாலையிலும் சீனியை ஏற்றிவிட்டு, அதை இறக்க ஊசி போட்டிருக்கிறாள். அதுவும் என் பேச்சைத் தட்டக் கூடாது என்பதற்காக. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, என் மேல்தான் வந்தது. கார்டில் எழுதியதை அங்கேயே அடித்தேன்.

3. இறங்கிய சீனி

ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு படுத்துவிடும். அதனால் டாக்டர் அளவு தெரிந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வாய் வலிக்குத் தனி மருந்து. இன்சுலினையும் கூடவே குறைத்தோம். காது ஓரத்தில் குத்தி வீட்டிலேயே சீனி பார்க்க மரகதத்துக்குப் பழக்கினேன். பேக்டரியில் செய்வது மாதிரியே நோட்டில் கட்டம் போட்டு நேரத்தோடு எழுதினாள்.

மூன்றாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. போண்டா தள்ளாடுகிறான், சீனி இரண்டரை என்றாள். சீனித் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவு, வாய்க்குள் ஊற்றாதே, விழுங்க ஆரம்பித்தால் சாப்பாடு வை, உடனே கொண்டு வா என்றேன். என் குரல் ஆடவில்லை. போனை வைத்ததும் டிரிப்புக்கு வேண்டியதை எடுத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். டாக்டர் டிரிப் ஏற்றினார். மத்தியானத்துக்குள் அவன் என் கையைக் கடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

மரகதம் அழுதுகொண்டிருந்தாள். "அழாத லா, இது நல்ல சேதி" என்றேன். அவனுடைய கணையம் விழித்துக்கொண்டது, நாங்கள் போடுகிற இன்சுலின் இப்போது அவனுக்கு அதிகம். அதைத்தான் எட்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் பல்லை எல்லாம் பிடுங்கினோம். அதற்கடுத்த மாதம் இன்சுலின் முழுசாக நின்றது.

4. நான் பார்க்காதது

கடைசி செக்கப்புக்கு வந்தபோது போண்டா ஐந்து கிலோ, சீனி ஐந்தரை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிப்பு நீர் திரும்பி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று மரகதத்துக்குப் பாடம் நடத்தினேன். தண்ணீர் அதிகமாகக் குடிப்பான், அடிக்கடி ஒன்றுக்குப் போவான், எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது, காலில் பலம் இருக்காது. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவள் கூடையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதெல்லாம் எனக்கும் இருக்கு."

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் இரண்டும் உருண்டு, முகம் வட்டமாகியிருந்தது. கையில் அங்கங்கே கன்றிய நீலத் திட்டு. ஸ்டீராய்டு அதிகமானால் வருகிற முகம், வருகிற திட்டு. மூன்று மாதத்துக்கு முன்னால் நான்தான் அவளைப் பார்த்து, கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாய், சாப்பாடு பலமோ என்று கேலி செய்திருந்தேன். அந்தக் குப்பியைக் கையில் வாங்கியவள் நான். பூனைக்குக் கொடுக்காதே என்று சொன்னேன். நீ எத்தனை போடுகிறாய் என்று கேட்கவே இல்லை. அவள் ஒரு வருடமாகத் தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பியை நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டதும் புதுக் குப்பி வாங்கியிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எங்களிடம் இருந்த அந்த மாத்திரைக் குப்பியோடு அவளை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். சீனி பத்தொன்பது. நீயாக நிறுத்தாதே, நாங்கள்தான் குறைக்க வேண்டும் என்று அங்கே டாக்டர் அவளுக்குச் சொன்னது, போண்டாவுக்காக நான் சொன்ன அதே பேச்சு. இப்போது அவள் ஒழுங்காக மருந்தில் இருக்கிறாள், முகம் பழைய அளவுக்கு இறங்கி வருகிறது.

அன்று திரும்பி வரும்போது காரில் அவள் சொன்னாள்: "எனக்கு மட்டும் வந்திருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்கக்கா. போண்டாவுக்கு வந்ததால தெரிஞ்சுச்சு."

கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. அவளாகத்தான் சொன்னாள்.

ஆகவே பிள்ளைகளே, சீனி இறங்கவில்லை என்றால் ஊசி போட்டீங்களா என்று மிரட்டாதீர்கள். பூனை சாப்பிடாத அன்னைக்கு என்ன பண்ணுனீங்க என்று கேளுங்கள், உண்மை தானாக வரும். தெரியாத மாத்திரை ஏதாவது பையிலிருந்து வெளியே வந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "வீட்டுல வேற யாரு இத சாப்பிடுறீங்க?" கேட்டுவிட்டுப் பூனையைப் பார்க்காதீர்கள், கூடையைப் பிடித்திருக்கிறவரைப் பாருங்கள்.