கனிசியஸ் அத்தான் மைக் வாங்கினார்

குருநகரில் கனிசியஸ் அத்தானோடு ஏதாவது கதைக்க வேண்டுமென்றால் நேரே முன்னால் போய் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். இளவயதிலிருந்து படகின் பின்பக்கத்தில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து கடலுக்குப் போய் வந்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துப்போய்விட்டது. இது ஊருக்கே தெரியும். அவர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீங்கள்தான் வாய்க்குள்ளை கதைக்கிறியள்" என்று பழியை எங்கள் தலையில் போட்டுவிடுவார்.

நான் அவருடைய மனைவி பெர்னடெட்டின் தங்கை, றொசாந்தி. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அப்படியிருந்தும் அத்தானை எனக்கு நல்ல விருப்பம்.

கடலுக்குப் போகாத நாட்களில் அவர் வீடியோ எடுப்பார். கமரா பிரான்சிலிருந்து அவருடைய தம்பி அனுப்பியது. பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை, கலியாணம், பெருநாள் ஒன்றையும் விடமாட்டார். ஆனால் அவருடைய வீடியோக்களில் ஒருவர் கதைப்பதும் கேட்காது. எல்லோரும் வாயை அசைப்பார்கள், மேலே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சனம் அதை ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டது.

மகள் கிறிஸ்ரினாவுக்கும் சுபாஸுக்கும் கலியாணம் பேசி முற்றானதும் மனிதர் அடியோடு மாறிவிட்டார்.

"பிள்ளை பீடத்துக்கு முன்னாலை வாக்குக் குடுக்கிறது வடிவாக் கேக்க வேணும். தூரத்துச் சத்தத்தையும் பிடிக்கிற ஷொட்கன் மைக் ஒண்டு வாங்கப்போறன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அன்றைக்கு மகளைக் கைபிடித்துக் கூட்டிவரப்போகிறவர் அவர்தான் என்பதால், கமராவுக்குப் பின்னால் நிற்கும் வேலை என் தலையில் விழுந்தது. மைக் வாங்கவும் என்னையே இழுத்துக்கொண்டு போனார்.

ரவுணில் கமராக் கடை வைத்திருக்கும் சிவரூபன் நல்ல பொறுமைசாலி. நீளமும் கட்டையுமாகச் சில மைக்குகளை மேசையில் எடுத்து வைத்தார்.

"அண்ணை, நீளமானது நேர முன்னாலை இருக்கிறதைத்தான் பிடிக்கும். வெளியிலை எடுக்க நல்லது. கோவிலுக்குள்ளை குரல் சுவரிலை பட்டுத் திரும்பும், அது குழம்பிப்போகும். கட்டையானதை எடுத்துப் பிள்ளைக்குக் கிட்ட வையுங்கோ."

அத்தானுக்கு இதில் பாதிதான் விழுந்திருக்கும். "பீடம் தூரத்திலை எல்லோ கிடக்கு தம்பி?" என்று சொல்லி, இருந்ததிலேயே நீளமானதைத் தூக்கிக்கொண்டார். ஹெட்போனைப் போட்டுப் பார்த்து, "சத்தம் காணாது, கூட்டு" என்றார். சிவரூபன் கூட்டினார். "இன்னும் கூட்டு." ஹெட்போனிலிருந்து வந்த இரைச்சல் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

வீட்டில் அக்கா, காற்றிரைச்சல் விழாமல் மைக்குக்கு மேல் போடும் மயிர்க்கவசத்தைக் கண்டுவிட்டு, "இதென்ன, கீரிப்பிள்ளையைத் தடியிலை கட்டிக்கொண்டு வாறியள்?" என்று கேட்டாள். நல்ல வேளையாக அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

கலியாணத்துக்கு முன்பே கோவிலில் மைக்கை வைத்துப் பார்த்தபோது சிவரூபன் சொன்னதுதான் நடந்தது. பீடத்தடியில் நின்று அக்கா கதைத்தது, கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல் வந்தது. அடுத்த நாளே போய்க் கட்டை மைக்காக மாற்றிக்கொண்டு வந்து, பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். இந்தமுறை கிறிஸ்ரினா நின்று கதைத்தாள். அவள் பிறவியிலேயே அடக்கமாகக் கதைக்கிறவள். அப்படியிருந்தும் ஒவ்வொரு சொல்லும் கண்ணாடிபோலத் தெளிவாக விழுந்தது. நான் ஹெட்போனை அத்தானிடம் கொடுத்தேன்.

"சத்தம் காணாது. இதையும் மாத்த வேணும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அத்தான், மைக்கிலை ஒரு பிழையுமில்லை. உங்கடை காதிலைதான் பிழை!" என்று கத்தினேன்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து மரவாங்கில் இருந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறாய் றொசாந்தி? கலியாணத்தண்டைக்கு நான் பக்கத்திலை நிண்டாலும் பிள்ளை சொல்லுறது எனக்குக் கேக்காது. வீடியோவிலை விழுந்தால், பிறகு தனிய இருந்து சத்தத்தைக் கூட்டி வைச்செண்டாலும் கேக்கலாமெண்டு பாத்தன்."

பீடத்தடியில் நின்ற கிறிஸ்ரினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

கலியாணத்தன்று கோவில் நிறைந்த சனம். அத்தான் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு முன்வரிசை வாங்கில் போய் நின்றார். சுபாஸ் தன் வாக்கை மெதுவாகச் சொன்னபோது, அத்தான் கையைக் காதடியில் வைத்துக்கொண்டு முன்னால் சரிந்தார். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை என்பது தெரிந்தது.

அடுத்தது கிறிஸ்ரினா. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பிறகு, கரையில் நின்று நடுக்கடலில் போகும் படகைக் கூப்பிடுகிறவள் மாதிரி, "இன்பத்திலும் துன்பத்திலும்" என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள்! சுபாஸ் திடுக்கிட்டுப் பின்னால் போனார். கலியாணத்தை நடத்திய சுவாமியின் கையிலிருந்த புத்தகம் ஆடியது. நான் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். பின்வரிசை வாங்குகளில் சிரிப்பு எழும்பியது. அவள் எதையும் பொருட்படுத்தாமல், அதே குரலில் கடைசிச் சொல்வரை சொல்லி முடித்துவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அத்தான் அழுதுகொண்டு நின்றார். தன்னுடைய குரல் எவ்வளவு பெரிதென்று அவருக்கு எப்போதுமே தெரியாது. "கேட்டது, மகள், எல்லாம் கேட்டது!" என்று கோவில் முழுக்கக் கேட்கச் சொன்னார். அக்கா சிரிப்பும் அழுகையுமாக முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீடியோவில் அந்த இடம் வெடித்துக் கரகரவென்றுதான் பதிவாகியிருக்கிறது. கொண்டுவந்து தந்தால் துப்புரவாக்கித் தரலாம் என்று சிவரூபன் சொன்னார்.

"வேண்டாம் தம்பி" என்றார் அத்தான். "பிள்ளை அப்பிடித்தான் சொன்னவள்."